நீரால் நேரம் காட்டிய அல்ஜஸரீ

மலாக்கா நகரில் பொற்கொல்லர் தெரு எனப் பொருள்படும் ஜாலான் துக்காங் அமாஸில் உள்ள கம்போங் கிலிங் பள்ளிவாசலை நம் சகோதரர்கள் அனைவரும் அறிவர். 1748ஆம் ஆண்டில் நம்மவரான வர்த்தகர்கள் மரத்தால் எழுப்பி, பின்னர் 1872இல் செங்கல்லால் புதுப்பிக்கப்பட்ட பள்ளி அது. அதன் ஹவுளில் ஒளு செய்ய அமர்ந்தவர் எவரும் ஒரு கணமாவது அந்த நீரை உற்றுப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார். கையை இட்டால் வளையம் வளையமாக விரிகிறது. எடுத்தால் மறுபடி கண்ணாடி போலாகிவிடுகிறது. நம் கண்ணுக்கு அது வெறும் தண்ணீர். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதர் அதே தண்ணீரைப் பார்த்து, இதைக் கொண்டு யானையை அசைக்கலாம், பறவையைக் கூவ வைக்கலாம், சூரியன் வானில் எத்தனை தூரம் சென்றிருக்கிறான் என்பதையும் காட்டலாம் என்று கண்டார். கண்டதோடு நில்லாமல் செய்தும் காட்டினார்.

அவருடைய முழுப்பெயர் பதீஉஸ்ஸமான் அபுல் இஸ் இப்னு இஸ்மாயீல் இப்னு ரஸ்ஸாஸ் அல்ஜஸரீ. பதீஉஸ்ஸமான் என்பது காலத்தின் அதிசயம் என்னும் பொருளுடைய பட்டப்பெயர். அல்ஜஸரீ என்பது திஜ்லா, ஃபுராத் என்ற இரு நதிகளுக்கும் இடைப்பட்ட ஜஸீரா நாட்டினர் என்பதைக் காட்டும். நடுவிலுள்ள ரஸ்ஸாஸ் என்ற சொல்லுக்கு அரிசி வியாபாரி என்று பொருள். ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தோட்டத்து ஜனங்களுக்கு அரிசி மூட்டை அளந்து கொடுத்து வாழ்ந்த நம் சமூகத்தார், இந்தப் பெயரைக் கண்டதும் சற்று நெருக்கமாக உட்கார்ந்து படிப்பது இயல்புதான்.

அவர் வாழ்ந்த ஊர் ஆமித். இன்று துருக்கி நாட்டின் கிழக்குப் பகுதியில் தியார்பக்கிர் என வழங்கும் நகரம் அது. திஜ்லா நதிக்கரையில் கருங்கல் மதிலோடு நிற்கிறது. அக்காலத்தில் அப்பகுதியை அர்துக் வம்சத்து மன்னர்கள் ஆண்டு வந்தார்கள். ஹிஜ்ரி 570இல், அதாவது கி.பி. 1174 வாக்கில், அல்ஜஸரீ அவர்கள் அரண்மனைச் சேவகத்தில் அமர்ந்தார்கள். நூருத்தீன் முஹம்மது, அவருடைய மகன் குத்புத்தீன் சுக்மான், பின்னர் சுக்மானின் சகோதரர் நாஸிருத்தீன் மஹ்மூது என மூன்று மன்னர்களுக்கு அடுத்தடுத்துப் பணி புரிந்தார்கள். ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் அவ்வாறு கழிந்தபின் ஒரு நாள், மன்னர் மஹ்மூது தமக்கு முன்னே வைக்கப்பட்ட யந்திரம் ஒன்றைப் பார்த்துக் கொண்டிருந்தார். செய்தவரின் முகத்தையும் பார்த்தார். இத்தனை காலம் வருந்திச் செய்தவை எல்லாம் உன்னோடு போய்விடக் கூடாது, ஒன்றுவிடாமல் எழுதி வை என்று கட்டளையிட்டார். மன்னர்களின் கட்டளைகளுள் இது போன்று பலன் தந்தவை அதிகம் இல்லை என்றே சொல்லலாம்.

அந்த நூலில் ஐம்பது யந்திரங்கள் உள்ளன. முதலில் கடிகாரங்கள் பத்து. அவற்றுள் உலகம் முழுவதும் பெயர் பெற்றது யானைக் கடிகாரம்.

அதன் உள்ளுறுப்பு நமக்குப் புதியதன்று. நம் நாட்டில் நாழிகை வட்டில் என்று ஒன்று இருந்தது. அடியில் சிறு துவாரமிட்ட கிண்ணத்தை நீரின் மேல் மிதக்க விடுவார்கள். துவாரத்தின் வழியே நீர் ஏறிக் கிண்ணம் முழுகினால் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். காவலாள் சேகண்டியை அடித்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்து மறுபடி மிதக்க விடுவான். அவன் கண் அயர்ந்துவிட்டால் ஊருக்கே நாழிகை தவறிவிடும்! அல்ஜஸரீ அவர்கள் அதே கிண்ணத்தை யானையின் வயிற்றுக்குள் வைத்தார்கள். அது முழுக அரை மணி நேரமாகும்படி, நம் நாழிகையைவிட ஆறு நிமிடம் கூடுதலாகத் துவாரத்தை அமைத்தார்கள். பிறகு காவலாளின் வேலையையும் யந்திரத்திடமே ஒப்படைத்தார்கள். அதில்தான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

யானையின் முதுகில் அம்பாரி. அதில் எழுத்தர் ஒருவர் எழுதுகோலுடன் அமர்ந்திருக்கிறார். கிண்ணம் மெல்ல இறங்க இறங்க அதனோடு கட்டிய கயிறு இழுத்து, எழுதுகோல் கோடுகளின் மேல் சிறிது சிறிதாக நகரும். அரை மணி முடிந்து கிண்ணம் முழுகியவுடன் மேலே ஓர் உலோக உருண்டை விடுபடும். உச்சியிலிருக்கும் பறவை கூவும். உருண்டை வல்லூறின் அலகுக்கு வந்து, அங்கிருந்து பாம்பின் வாயில் விழும். பாரம் தாங்காமல் பாம்பு தலையைத் தாழ்த்தி, உருண்டையைக் கீழே உள்ள குடத்தில் இடும். பாம்பு தாழும் அதே வேகத்தில் சங்கிலி ஒன்று முழுகிய கிண்ணத்தைத் தூக்கி நீரைக் கொட்டிவிட்டு மறுபடி மிதக்க விடும். பாகன் யானையின் தலையில் ஓர் அடி அடிப்பான். வேடிக்கை பார்க்க வந்தவன் பாம்பையும் பாகனையும் பார்ப்பான். ஆனால் பாம்பு அங்கே அலங்காரத்துக்காக வைக்கப்படவில்லை. கிண்ணத்தைத் தூக்கும் வேலைக்காரனே அந்தப் பாம்புதான்.

யானைக் கடிகாரம் வேடிக்கையில் முதன்மையானது. ஆனால் அறிவில் முதன்மையானது நூலின் முதற்பகுதியில் முதலாவதாக வரும் கோட்டைக் கடிகாரம் என்பது என் கருத்து. அதை விளங்கிக்கொள்ள நாம் மலாக்காவிலிருந்து சற்று வெளியே போக வேண்டும்.

நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வாழ்கிறோம். வருடம் முழுவதும் இங்கே பகல் நீளம் கால் மணி நேரத்துக்கு மேல் மாறுவதில்லை. மஃரிபு இன்று எப்பொழுதோ, ஆறு மாதம் கழித்தும் ஏறக்குறைய அப்பொழுதே. ஆமித் நகரில் அப்படி இல்லை. கோடையின் மிக நீண்ட பகல் பதினாலே முக்கால் மணிக்கு மேல் நீளும். மாரிக்காலத்தின் மிகக் குறுகிய பகல் ஒன்பதரை மணியளவுதான். அந்நாளிலோ பகல் எத்தனை நீளமானாலும் அதைப் பன்னிரண்டு பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் ஒரு மணி என்று கொள்வதே வழக்கம். ஆறாம் மணி முடிந்தால் உச்சி. பன்னிரண்டாம் மணி முடிந்தால் சூரிய அஸ்தமனம். ஆகவே கோடையில் ஒரு மணி நீளமாகவும் மாரியில் குறுகியும் இருக்கும். அதுவும் தினந்தோறும் மாறும். இரவின் மணி அதற்கு நேர்மாறு. ஒரே நீர், ஒரே தொட்டி. அது எப்படி நாளுக்கு நாள் வேறு வேறு வேகத்தில் இறங்கும்?

இரண்டு சிக்கல்கள் இருந்தன. முதலாவதை நம் கடைகளில் எண்ணெய்ப் பீப்பாயைத் திறந்துவிட்டவர்கள் அறிவார்கள். பீப்பாய் நிறைந்திருக்கும்போது குழாயில் வேகமாக வரும்; குறையக் குறைய மெதுவாக வரும். இதற்கு அல்ஜஸரீ அவர்கள் பெரிய தொட்டிக்கும் துவாரத்துக்கும் நடுவே ஒரு சிறு அறையை வைத்தார்கள். அதில் ஒரு மிதவை. நீர் சிறிது ஏறினால் மிதவையே எழும்பி வழியை அடைத்துவிடும். சிறிது இறங்கினால் திறந்துவிடும். ஆக அந்த அறையில் நீர்மட்டம் எப்பொழுதும் ஒன்றாகவே இருக்கும். நம் வீடுகளில் தண்ணீர்த் தொட்டிக்குள் உருண்டை மிதவை செய்வதும் இதே வேலைதான்.

இரண்டாவது சிக்கல் கடினமானது. வட்டமான ஒரு தகட்டில் துவாரத்தை வைத்து, தகட்டைச் சுற்றினால் துவாரம் மேலும் கீழும் போகும்படி செய்தார்கள். துவாரம் நீர்மட்டத்துக்கு அருகில் இருந்தால் ஓட்டம் மெதுவாகும்; அது கோடைப் பகலுக்கு. ஆழத்தில் இருந்தால் வேகமாகும். அது மாரிப் பகலுக்கு. தகட்டின் விளிம்பில் பன்னிரண்டு ராசிகளையும் அவற்றின் பாகைகளையும் குறித்து, அன்றைக்குச் சூரியன் நிற்கும் பாகையில் தகட்டைத் திருப்பி வைத்துவிட வேண்டும். இரவானால் எதிர்ப்பக்கத்துப் பாகை. இப்படி ஓர் அமைப்பு அவருக்கு முன்னிருந்த நூல்களிலும் இருந்தது. அவர்கள் அதைச் செய்து ஓட்டிப் பார்த்தார்கள். கணக்குச் சரியாக வரவில்லை. மாற்றிச் செய்தார்கள், அதுவும் தவறியது. காரணம் இதுதான். துவாரத்தை இருமடங்கு ஆழத்துக்கு இறக்கினால் நீரோட்டம் இருமடங்கு ஆகிவிடாது. நான்கு மடங்கு இறக்கினால்தான் இருமடங்காகும். இந்த விதியை 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான டாரிசெல்லி வகுத்துச் சொன்னார். அல்ஜஸரீ அவர்களிடம் அந்தச் சூத்திரம் இல்லை. அவர்கள் நீரை ஓடவிட்டு, அளந்து, குறித்து, மறுபடி ஓடவிட்டு, ஒவ்வொரு பாகையின் இடத்தையும் கையாலேயே கண்டுபிடித்துத் தகட்டில் பதித்தார்கள். கல்லில் தேய்மானம் கண்ட வியாபாரி தராசை எத்தனை முறை சரிபார்ப்பானோ அத்தனை முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்பொழுது அந்தக் கடிகாரத்தின் முகத்தைப் பார்ப்போம். உயரம் சுமார் 11 அடி. மேலே ராசிச் சக்கரம் சுழல்கிறது. அதில் சூரியனும் சந்திரனும் உண்டு. அதன் கீழே வரிசையாகக் கதவுகள். தொட்டியில் மிதவை இறங்க இறங்க, சிறு பிறை ஒன்று கதவுகளின் முன்னால் நகர்ந்து செல்லும். ஒரு மணி முடிந்ததும் ஒரு கதவு திறந்து உள்ளிருந்து பதுமை தோன்றும். இருபுறமும் நிற்கும் வல்லூறுகள் சிறகு விரித்துக் குனிந்து, அலகிலிருந்து உருண்டையைக் கிண்ணத்தில் போடும். கிண்ணத்தினுள் தாளம் ஒலிக்கும். ஆறாம், ஒன்பதாம், பன்னிரண்டாம் மணிகளில் கீழே நிற்கும் ஐந்து வாத்தியக்காரப் பதுமைகள் முரசும் தாளமும் அடித்து எக்காளம் ஊதும். அத்தனைக்கும் சக்தி ஒரேயடியாக விடப்படும் நீர்தான். அந்த நீர் சக்கரத்தைத் தள்ளும். அடைபட்ட காற்றை அழுத்தி எக்காளத்தை ஊதும். இரவிலே பன்னிரண்டு கண்ணாடி வட்டங்கள் ஒவ்வொன்றாக ஒளி பெறும். வானத்தில் நடக்கும் மாற்றம், ஒரு துவாரத்தின் ஆழமாகி, நீரின் வேகமாகி, பறவையின் சிறகாகிவிடுகிறது.

இத்தகைய கடிகாரங்கள் அவருக்கு முன்னும் இருந்ததுண்டு. கலீஃபா ஹாரூன் ரஷீத் கி.பி. 807இல் பிராங்கு நாட்டு மன்னர் சார்லமேனுக்கு நீர்க்கடிகாரம் ஒன்றை அனுப்பினார். திமிஷ்கின் பெரிய பள்ளிவாசலில் ஜைரூன் வாயிலருகே இருந்த கடிகாரத்தை 1184இல் அங்கு சென்ற யாத்ரிகர் இப்னு ஜுபைர் எழுதி வைத்திருக்கிறார். அல்ஜஸரீ அவர்கள் தாம் யாரிடமிருந்து எதைக் கற்றார்கள் என்பதை மறைக்கவில்லை. ஆர்க்கிமிடீஸ் பெயரால் வழங்கிய நூல், பக்தாதில் வாழ்ந்த மூஸாவின் மைந்தர் மூவர் எனப் பெயர் சொல்லியே எழுதினார்கள்.

நூலின் இரண்டாம் பகுதி அரண்மனை மது விருந்துகளுக்கான பாத்திரங்களும் பதுமைகளும். மன்னர் சபையில் அது இருந்தது; நூலிலும் இருக்கிறது. இல்லையென்று மறைக்க வேண்டியதில்லை, நாம் அங்கே நின்றிருக்கவும் வேண்டியதில்லை. மூன்றாம் பகுதிக்குப் போவோம்.

மன்னர் மஹ்மூதுக்கு ஒரு சங்கடம் இருந்தது. ஒளு செய்யும்போது வேலையாளோ அடிமைப் பெண்ணோ நின்று கையில் நீர் ஊற்றுவது அவருக்குப் பிடிக்கவில்லை. அதற்கு ஏதேனும் வழி செய்யும்படி அல்ஜஸரீ அவர்களிடம் கேட்டார். கூஜா ஏந்திய பணியாள் பதுமை ஒன்று பிறந்தது. ஒரு பறவை கூவும். கூஜாவிலிருந்து நீர் அளவாக விழும். ஒளு முடிந்ததும் பதுமை துவாலையை நீட்டும். மற்றொன்றில் மயில் ஒன்று அலகால் நீர் வார்க்க, சிறு கதவு திறந்து பணியாள் பதுமைகள் கழுவும் பொடியும் துவாலையும் கொண்டுவரும்.

அதே பகுதியில் வைத்தியருக்கான தட்டுகள் நான்கு இருக்கின்றன. அக்காலத்தில் நோயாளியின் உடம்பிலிருந்து இரத்தம் எடுப்பது ஒரு சிகிச்சை. எவ்வளவு எடுத்தோம் என்பதுதான் ஆபத்தான கேள்வி. தட்டில் இரத்தம் விழ விழ உள்ளே மிதவை எழும்பும். மேலே அமர்ந்திருக்கும் பதுமையின் கை திரும்பி, திர்ஹம் எடையில் எவ்வளவு என்று குறியிட்ட கோட்டைச் சுட்டும். யானையையும் மயிலையும் பேசுகிறவர்கள் இந்தத் தட்டைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு இதுதான் அவர்கள் செய்ததில் மிகவும் மனத்தைத் தொட்டது. நோயாளிக்கும் வைத்தியருக்கும் நடுவே பொய் சொல்லாத ஒரு கை.

நீரூற்றுகள் விஷயத்தில் அவர்கள் தம் முன்னோரோடு வாதாடுகிறார்கள். மூஸாவின் மைந்தர் அமைத்த ஊற்றுகள் ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாறின. ஆனால் மிக விரைவாக மாறியதால் பார்ப்பவருக்கு மாறுதலே தெரியவில்லை என்பது அவர்களுடைய குறை. எனவே நீர் சொட்டி நிறைந்ததும் தானே கவிழும் சிறு வாளிகளை வைத்து, ஊற்று நெடுநேரம் ஒரே வடிவில் நின்று, பிறகு சட்டென்று மாறும்படி செய்தார்கள். மாற்றம் கண்ணுக்குப் புலப்பட வேண்டுமானால் அதற்கு முன் சிறிது அமைதி வேண்டும் என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள்.

நீர் இறைக்கும் யந்திரங்கள் ஐந்து. மலாக்கா ஆற்றங்கரையில் சுல்தான்கள் காலத்தின் நினைவாகப் பெரிய மரச் சக்கரம் நிறுவப்பட்டதை நம்மவர் பார்த்திருப்பார்கள். ஆமித் நகரத்து யந்திரம் ஒன்றில் குளத்தருகே மரத்தால் செய்த பசு ஒன்று சுற்றிச் சுற்றி வந்து இறைவைச் சங்கிலியை இழுப்பது போலத் தோன்றும். உண்மையில் பசு எதையும் இழுக்கவில்லை; தரைக்கடியில் மறைந்திருக்கும் நீர்ச்சக்கரம் பசுவையும் சேர்த்துச் சுற்றுகிறது. ஐந்தாவது யந்திரம் இரண்டு உருளைகளைக் கொண்ட பம்பு. ஒரு பிஸ்டன் உறிஞ்சும்போது மற்றொன்று தள்ளும். உறிஞ்சு குழாயோடு கூடிய இத்தகைய பம்பு பற்றிய மிகப் பழைய விவரங்களுள் ஒன்று இது என்று யந்திர சரித்திரம் எழுதுவோர் போற்றுகிறார்கள்.

இவையெல்லாம் கற்பனைச் சித்திரங்களல்ல. பரீட்சை செய்து பார்க்காத தொழிலறிவு மெய்க்கும் பொய்க்கும் நடுவே தொங்கிக் கொண்டிருக்கும் என்பது அவர்களுடைய நிலை. முதலில் காகிதத்தில் மாதிரி வெட்டிப் பார்ப்பார்கள். பலகை வளையாதிருக்கப் பல அடுக்குகளாக ஒட்டுவார்கள். சக்கரம் ஒருபக்கம் சாயாதபடி எடை பார்ப்பார்கள். உலோகத்தை மணல் அச்சில் வார்ப்பார்கள். வால்வுகளைக் குருந்தக்கல் பொடி இட்டு, ஒரு துளியும் கசியாதவரை ஒன்றோடொன்று தேய்ப்பார்கள். இதையெல்லாம் அடுத்தவன் செய்துகொள்ளும்படி அளவுகளோடு எழுதினார்கள். தொழில் ரகசியம் என்று முடிந்து வைத்துக்கொள்ளவில்லை. தம் பிள்ளைக்குக்கூடக் கொள்முதல் விலையைச் சொல்லாத முதலாளிகள் நம்மில் உண்டு. அவர்கள் இதை இரண்டு முறை படிக்கலாம்.

இன்று உலகெங்கும் இதே வேலையைச் சிற்பிகள் புதிய கருவிகளால் செய்கிறார்கள். மழை அளவு, காற்றின் வேகம், கடல் ஏற்றவற்றம் ஆகியவற்றைக் கருவிகள் அளக்கின்றன. அந்த எண்களுக்கு ஏற்ப மோட்டார்கள் உலோகத் துண்டுகளை அசைக்கின்றன. சரக்கெடுக்கச் சிங்கப்பூர் போகிறவர்கள் மரினா பே சாண்ட்ஸில் அமெரிக்கச் சிற்பி நெட் கான் 2011இல் அமைத்த பெரிய அக்ரிலிக் கிண்ணத்தைக் கண்டிருக்கலாம். சுமார் 70 அடி அகலம். அதில் நீர் சுழலாகச் சுழன்று நடுத் துவாரத்தின் வழியே கீழ்த்தளத்துக் குளத்தில் விழும். சாங்கி விமான நிலையத்தின் முதல் முனையத்தில் 2012இல் நிறுவப்பட்டது இன்னொன்று. 1,216 உலோக மழைத்துளிகள் கம்பியில் தொங்கி, கணினியின் கட்டளைப்படி ஏறி இறங்கின. துவாரமிட்ட கிண்ணமும் அளந்து இறங்கும் துளியும் பழைய நண்பர்கள்தாம். ஆமித் நகரில் மின்சாரம் இல்லை. கணினி செய்யும் வேலையை அங்கே ராசித் தகடு செய்தது.

அல்ஜஸரீ அவர்களின் நூல் ஹிஜ்ரி 602இல், கி.பி. 1206இல் நிறைவுற்றது. அவர்கள் மறைந்ததும் அவ்வாண்டிலேயே என்று சரித்திரக்காரர்கள் கொள்கிறார்கள். அதே ஆண்டில் எழுதப்பட்ட பிரதி ஒன்று இஸ்தன்பூல் தோப்காப்பி அரண்மனையில் இருக்கிறது. பின்வந்த நூற்றாண்டுகளில் பலர் பிரதி எடுத்தார்கள். 1315இல் எழுதிய ஒரு பிரதிக்கு நேர்ந்த கதி வருந்தத்தக்கது. படமுள்ள ஏடுகளைத் தனித்தனியே பிரித்து விற்றுவிட்டார்கள். அதன் யானைக் கடிகார ஏடு நியூயார்க்கு மெட்ரோபாலிடன் காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. முழு ஏட்டைவிடப் பிரித்த ஏட்டுக்கு விலை அதிகம் என்று கணக்குப் பார்த்தவரும் ஒரு வியாபாரிதான்.

1974இல் ஆங்கில நாட்டுப் பொறியியலாளர் டொனால்டு ஹில் நூல் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1976இல் லண்டனில் இஸ்லாமிய உலகத் திருவிழா நடந்தபோது, அங்குள்ள விஞ்ஞானக் காட்சிசாலையில் கோட்டைக் கடிகாரத்தை அந்த எழுத்தின்படி மறுபடி கட்டினார்கள். மிதவை இறங்கியது, பிறை நகர்ந்தது, வல்லூறுகள் குனிந்து உருண்டையைப் போட்டன.